கேபிள் போன இடத்தில் தாமதம்

விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், அருகில் உள்ள கம்பியில்லாத் திரைகளின் பட்டியல் வந்து நிற்கும். அதில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சில நொடிகளில் லேப்டாப்பின் திரை அப்படியே அங்கே விரியும். எச்டிஎம்ஐ துளை எங்கே என்று டிவியின் முதுகைத் தடவ வேண்டாம். இருக்கிற கேபிள் மேசையிலிருந்து சுவர் வரை எட்டுமா என்று பார்க்க வேண்டாம். படமும் நன்றாகவே இருக்கும். மவுஸைத் தொடும் வரை குறை ஒன்றும் தெரியாது. தொட்டதும் தெரிந்துவிடும்: கை நின்ற பிறகும் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருக்கும்; ஒரு பொத்தானின் மேல் நிறுத்தப் போனால் அதைத் தாண்டிப் போய்விடும்; திருப்பிக் கொண்டுவந்தால் இந்தப் பக்கம் தாண்டும். வைஃபை வேகம் போதவில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். விலை கூடிய ரூட்டர் வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து. இரண்டுமே பாதி உண்மைதான். கேபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரேடியோ அலையை வைக்கும்போது நாம் முதலில் இழப்பது நேரத்தை. தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எப்போது வழிவிடும் என்று சொல்ல முடியாத காற்றின் வழியே தடங்கலற்ற படத்தைக் கொண்டுபோவதற்காகப் பொறியாளர்கள் தெரிந்தே கொடுக்கும் விலை அது. கம்பியில்லா இணைப்பு பார்ப்பதற்கு ஏற்றதாகவும், கையால் வேலை செய்வதற்கு ஏற்காததாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த விலைதான்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். ஃபுல் எச்டி திரை என்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்துச் சொச்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. மூன்றையும் பெருக்கினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 கிகாபிட் வருகிறது. அதே கணக்கை 4கே திரைக்குப் போட்டால் நான்கு மடங்கு, அதாவது 12 கிகாபிட். எச்டிஎம்ஐ 2.0 கேபிளின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 18 கிகாபிட். ஆகவே இந்த வெள்ளம் முழுவதும் சுருக்கப்படாமல், ஒரு பிட் விடாமல், கேபிள் வழியே ஓடுகிறது. வைஃபை பக்கம் நிலைமை வேறு. இரண்டு ஆன்டெனா கொண்ட சாதாரண வைஃபை 5 லேப்டாப் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் பேசும்போது, அட்டையில் அச்சிடப்படும் உச்ச வேகம் 866 மெகாபிட். ரேடியோவின் சொந்த நடைமுறைச் செலவுகள் போக உண்மையில் கைக்கு வருவது 500, 600 மெகாபிட். அதுவும் ரூட்டருக்குப் பக்கத்தில், வேறு யாரும் பேசாதபோது. 3000 மெகாபிட்டை 600 மெகாபிட் வழியில் அனுப்ப முடியாது. அந்த 600ஐயும் படமே முழுதாக எடுத்துக்கொண்டால் வீட்டில் மற்றவர்களுக்கு இணையம் இராது. எனவே சுருக்கியே ஆக வேண்டும், அதுவும் சில பத்து மெகாபிட்டுக்குள். நூறு மடங்குக்கும் மேல் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சுருக்கத்துக்கு, விண்டோஸ் பயன்படுத்தும் மிராகாஸ்ட் தேர்ந்தெடுத்த வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. வைஃபை அலையன்ஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 2012 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய இந்த முறையில், லேப்டாப்பும் திரையும் ரூட்டர் இல்லாமலேயே வைஃபை டைரக்ட் மூலம் ஒன்றோடொன்று பேசுகின்றன. லேப்டாப் தன் திரையை எச்.264 என்ற முறையில் வீடியோவாகச் சுருக்கி, எம்பெக்-2 டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற பொதியில் கட்டி அனுப்புகிறது. டிஜிட்டல் கேபிள் டிவியிலும் டிடிஎச்சிலும் சேனல்கள் வந்து சேருவது இதே பொதியில்தான். ஆகவே கம்பியில்லாமல் மானிட்டரை இணைக்கும்போது, கேபிளில் வயரை மட்டும் மாயமாக்கியதாக நினைத்துக்கொள்வது தவறு. லேப்டாப் தனக்குள் ஒரு தொலைக்காட்சி நிலையத்தை நிறுவி, ஒரே ஒரு நேயருக்காக நேரலை நடத்துகிறது. ஆப்பிளின் ஏர்பிளே வேறு பெயரில், வேறு நெறிமுறைகளோடு, அடிப்படையில் இதையேதான் செய்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றக் குறைகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பது தானாகவே விளங்கும்.

எச்.264 கேமரா எடுக்கும் காட்சிகளுக்காக வளர்ந்த முறை. மரம், முகம், வானம் ஆகியவற்றில் நிறம் மெல்ல மெல்ல மாறும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்த ஒற்றுமைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்புவதே அதன் திறமை. வேலை செய்யும் திரையோ எழுத்தால் ஆனது. வெள்ளையில் கறுப்பு, ஒரு பிக்சல் தள்ளி மறுபடி வெள்ளை. இந்தக் கூர்மையான விளிம்புகளே சுருக்கத்தில் முதலில் அடிபடுகின்றன. எழுத்தைச் சுற்றி மெல்லிய அழுக்குப் படிந்ததுபோல் தெரிவது அதனால்தான். நிறத்தில் இழப்பு இன்னும் அதிகம். வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும் நம் கண்ணுக்கு நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டு, இரண்டுக்கு இரண்டாக அடுக்கிய நான்கு பிக்சல்களுக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாகவும், நிறத்தை நான்குக்கும் பொதுவாகவும் அனுப்புவது வீடியோத் துறையின் வழக்கம். அனுப்ப வேண்டிய அளவு இதிலேயே பாதியாகிவிடும். சினிமாவில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். எக்செல் தாளில் கறுப்புப் பின்னணியில் சின்னதாகச் சிவப்பு எண்களைப் போட்டுப் பாருங்கள், எண்கள் கசிந்து நிற்கும். விண்டோஸின் கிளியர்டைப் நுட்பம் எழுத்தின் ஓரங்களில் கண்ணுக்குப் புலப்படாத சிவப்பும் நீலமும் பூசித்தான் எழுத்தைக் கூர்மையாக்குகிறது. அந்தப் பூச்சும் இங்கே கரைந்துபோகிறது. ஒரே லேப்டாப், ஒரே டிவி, கேபிளில் பளிச்சென்றிருந்த எழுத்து வைஃபையில் சற்றுக் கொழகொழப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இருந்தாலும் இதை நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை. பிட் கூடினால் படம் தெளியும். ஏவி1 போன்ற பிந்தைய முறைகளில் எழுத்தும் ஐகானும் நிறைந்த திரைகளுக்கென்றே தனி உத்திகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தரம் தேறிவிடும், நேரம் அத்தனை எளிதாகத் தேறாது.

கேபிளில் நடப்பதை முதலில் பார்ப்போம். கிராஃபிக்ஸ் சில்லு திரையை மேலிருந்து கீழாக, வரி வரியாக அனுப்புகிறது. முதல் வரி வந்ததுமே மானிட்டர் வரையத் தொடங்கிவிடலாம். முழு ஃபிரேம் வந்து சேரும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல மானிட்டரில் இந்தத் தாமதம் சில மில்லிவிநாடிகள். கம்பியில்லா வழியில் அந்த வரிசை உடைந்துபோகிறது. ஃபிரேம் முழுதாகத் தயாராக வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடி. அதைச் சுருக்கச் சில்லுக்குக் கொஞ்ச நேரம். பொதிகளாக வெட்டி அடுக்கக் கொஞ்ச நேரம். காற்றில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பு. மறுமுனையில் பொதிகளைச் சேர்த்து, விரித்து, டிவியின் சொந்தப் பட மேம்பாட்டு வேலைகளையும் முடித்து, அடுத்த புதுப்பிப்புக்காக நிற்க வேண்டும். எந்தக் கட்டத்தையும் தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. கூட்டிப் பார்த்தால் பல கருவிகளில் 100 மில்லிவிநாடியை ஒட்டியோ தாண்டியோ போய்விடுகிறது. இதில் சுருக்குபவருக்கு இன்னொரு கைக்கட்டும் உண்டு. சினிமாவைச் சுருக்கும் மென்பொருள் வரப்போகும் ஃபிரேம்களையும் முன்கூட்டியே பார்த்து, அவற்றைக் கொண்டு நடுவில் உள்ளதை ஊகிக்க முடியும். நேரலையில் வருங்காலம் கையில் இல்லை. காத்திருந்தால் கிடைக்கும், ஆனால் காத்திருப்பதுதான் இங்கே சிக்கலே. ஆகவே மிராகாஸ்ட் அந்த வகை ஃபிரேம்களைத் தவிர்க்கிறது. அதே பிட் அளவில் யூடியூப் வீடியோ நன்றாகத் தெரிய, நம் திரை அதைவிட மங்கித் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு.

எல்லாவற்றிலும் முரடான கட்டம் காற்றுதான். கேபிள் இரண்டு கருவிகளுக்கு மட்டுமே சொந்தம். வைஃபை சேனல் அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும் பொது. அடுக்குமாடியில் மேல் வீட்டு ரூட்டரும் எதிர் வீட்டு ரூட்டரும் அதே சேனலில் இருக்கலாம். ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேச விரும்பும் கருவி முதலில் காதுகொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசினால் நிறுத்திக்கொள்ளும். அமைதி வந்ததும் குலுக்கல் முறையில் ஒரு சிறு நேரம் காத்திருந்து பேசும். பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும், அப்போது முன்னைவிட நீளமாகக் காத்திருக்க நேரலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் மவுஸும்கூட இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் இந்த ஒழுங்கு பொன்னானது. ஒரு பொதி அரை நொடி தாமதமாக வந்தாலும் கோப்பு கோப்புதான். ஃபிரேமுக்கு அந்தச் சலுகை கிடையாது, தன் 16.7 மில்லிவிநாடிக்குள் வராத ஃபிரேம் வந்தும் பயனில்லை. சராசரி வேகம் எவ்வளவு என்று மானிட்டர் கேட்பதில்லை. மிக மோசமான ஒரு கணத்தில் எவ்வளவு நேரமாகும் என்பதே அதன் கேள்வி. ரூட்டர் பெட்டியில் அச்சிட்ட எண் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கப் பொறியாளர்களிடம் உள்ள வழி, வந்த ஃபிரேம்களை உடனே காட்டாமல் கொஞ்சம் சேர்த்துவைப்பது. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் வேலைதான் இதற்கும். தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாது. தொட்டி இருந்தால் குளியலறைக் குழாய் சீராக ஓடும். ஆனால் இந்த நிமிடம் தொட்டியில் விழும் தண்ணீர் இந்த நிமிடமே குழாயில் வராது, முன்பே இருப்பது தீர்ந்த பிறகுதான் வரும். தொட்டி பெரிதானால் ஓட்டம் சீராகும், தண்ணீர் பழையதாகும். யூடியூப் பல நொடி அளவுக்குச் சேர்த்துவைக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. மவுஸ் அம்புக்குறி பல நொடி பழையதாக வந்தால் கணினியைப் பயன்படுத்தவே முடியாது. இந்தப் பேரத்தை விண்டோஸ் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. கம்பியில்லாமல் இணைந்ததும் திரையின் உச்சியில் தோன்றும் சிறு பட்டையில் அமைப்புகளைத் திறந்தால் மூன்று தேர்வுகள் உண்டு: விளையாட்டு, வேலை, வீடியோ பார்த்தல். விளையாட்டைத் தேர்ந்தால் தாமதம் குறையும், படம் திக்கித் திணறலாம். வீடியோவைத் தேர்ந்தால் தாமதம் கூடும், படம் வழுக்கிக்கொண்டு போகும். வேலை என்பது நடுவில். தட்டச்சு இயல்பாகத் தோன்றும் அளவுக்குத் தாமதம், வீடியோ அடிக்கடி தடுக்காத அளவுக்குச் சேமிப்பு. தாமதத்தையும் தடங்கலையும் ஒருசேர ஒழிக்க முடியுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஒரே ஒரு தேர்வைக் கொடுத்திருக்கும்.

நூறு மில்லிவிநாடி என்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பார்வையாளரைப் பொறுத்தவரை அது ஒன்றுமே இல்லை. ஒலியும் ஒளியும் சேர்ந்தே தாமதமாவதால் சினிமாவில் உதட்டசைவுகூடப் பிசகாது. கை வேலையில் கதை வேறு, ஏனென்றால் கையும் கண்ணும் ஒரு சுழலில் இயங்குகின்றன. கை நகர்கிறது, கண் விளைவைப் பார்க்கிறது, மூளை திருத்தம் சொல்கிறது, கை மறுபடி நகர்கிறது. கண்ணுக்கு வரும் செய்தி பழையதானால் திருத்தமும் பழைய நிலைமைக்கானதாகிவிடும். அம்புக்குறி இலக்கைத் தாண்டுவது அதனால்தான். கனடாவில் ஸ்காட் மெக்கன்சியும் காலின் வேரும் 1993இல் இதை அளந்து வெளியிட்டார்கள். மவுஸுக்கும் திரைக்கும் நடுவே வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்தி, ஆட்களை இலக்குகளின் மேல் கிளிக் செய்யச் சொன்னார்கள். அவர்கள் சோதித்தவற்றில் மிகப் பெரிய தாமதம் 225 மில்லிவிநாடி. தாமதம் சேர்க்காத நிலையோடு ஒப்பிட்டால், அப்போது இலக்கை அடைய ஆன நேரம் 64 சதவீதமும், பிழைகள் 214 சதவீதமும் கூடின. பிழை மூன்று மடங்குக்கு மேல் என்பதை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். இலக்கு சிறிதாகச் சிறிதாகத் தாமதத்தின் பாதிப்பும் ஏறுகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இன்றைய மென்பொருள்களின் பொத்தான்களும், சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுக்க விட்டிருக்கும் சில பிக்சல் இடமும் எவ்வளவு சிறியவை என்று எண்ணினால், இது எங்கே வந்து இடிக்கும் என்பது புரியும்.

மைக்ரோசாஃப்ட்டும் இதை உணர்ந்தே இருக்கிறது. மிராகாஸ்ட்டுக்கு அது வகுத்த நீட்சிகளில் ஒன்று, அம்புக்குறியை மட்டும் வீடியோவிலிருந்து பிரித்து, அதன் இடத்தைத் தனிச் செய்தியாக அனுப்புவதற்கானது. திரையின் மற்றப் படம் வீடியோவாக மெல்ல வரட்டும். அம்புக்குறி எங்கே நிற்கிறது என்ற இரண்டு எண்கள் முந்திக்கொண்டு வரும், டிவியே அதைப் படத்தின் மேல் வரைந்துகொள்ளும். அழகான உத்தி. ஆனால் மறுமுனையில் இருக்கும் டிவியும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டாலும் தீர்வு அம்புக்குறியோடு நின்றுவிடுகிறது. ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்தால் அம்புக்குறி முன்னே ஓட, சாளரம் பின்னால் தொங்கிக்கொண்டு வரும்.

கேபிளிலும் சுருக்கம் உண்டே என்று ஒருவர் மடக்கலாம். சரிதான். வெசா அமைப்பு 2014இல் வெளியிட்ட டிஸ்பிளே ஸ்ட்ரீம் கம்ப்ரஷன் முறை இன்று பல உயர்தர மானிட்டர் கேபிள்களில் ஓடுகிறது. யாரும் தாமதம் என்று புலம்புவதில்லை. அது சுருக்குவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதனால் முழு ஃபிரேமையும் பார்க்கத் தேவையின்றி, சில வரிகளை வைத்தே வேலையை முடிக்கிறது. தாமதம் மைக்ரோவிநாடிகளில் அடங்கிவிடுகிறது. இந்த எதிர்வாதம் என் வாதத்தை முறிப்பதற்குப் பதிலாகச் செதுக்கிக் கொடுக்கிறது. சுருக்கம் என்ற செயலில் குற்றமில்லை. நூறு மடங்கு சுருக்க வேண்டிய நெருக்கடியும், அனுப்பியது எப்போது போய்ச் சேரும் என்று தெரியாத நிலையும் சேர்ந்துதான் நேரத்தைத் தின்கின்றன. அப்படியானால் வழியை அகலமாக்கினால் முதல் நெருக்கடி தீருமே? வைஃபை 7இல் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல். இரண்டு ஆன்டெனாவுக்கு உச்ச வேகம் 5.7 கிகாபிட். காகிதத்தில் ஃபுல் எச்டி சுருக்கமே இல்லாமல் போய்விடும். ஆனால் திரைகளும் சும்மா இருப்பதில்லை. வேலைக்கு 4கே வந்துவிட்டது. 60 என்பது 120ஆகவும் 144ஆகவும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைவிட முக்கியம், வழி எவ்வளவு அகலமானாலும் அது பொதுவழியாகவே இருக்கிறது என்பது. வேகம் கூடினால் தாமதம் குறையும், மறுக்கவில்லை. தாமதத்தின் நிச்சயமின்மை அதே விகிதத்தில் குறைவதில்லை.

பொதுவழி வேண்டாம், ஆளில்லாத வழியாகப் பார்ப்போம் என்று கிளம்பியவர்களின் கதை இந்தத் துறையில் சுவையான பகுதி. 60 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் ஏராளம். அங்கே ஒரு சேனலின் அகலமே 2160 மெகாஹெர்ட்ஸ். வயர்லெஸ் எச்டி என்ற கூட்டமைப்பு 2008இலேயே அதில் டிவிக்கான தரத்தை வெளியிட்டது. 2009இல் கிளம்பிய வைகிக் கூட்டமைப்பின் முயற்சி பிறகு 802.11ஏடி என்ற தரமாகி, நொடிக்குக் கிட்டத்தட்ட 7 கிகாபிட் வரை தந்தது. 2014இல் இன்டெல் வயரே இல்லாத கணினி வரப்போகிறது என்று மேடையில் காட்டியது. லேப்டாப்பை மேசையில் வைத்தாலே மானிட்டர் விழித்துக்கொள்ளும் என்றது. 2017இல் லேப்டாப்களுக்கான வைகிக் பாகங்களை நிறுத்துவதாக அதே நிறுவனம் அறிவித்தது. காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது. 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். சுவர் தடுக்கும், குறுக்கே வந்த ஆள் தடுப்பார், ஆன்டெனாவை மூடிய உள்ளங்கையும் தடுக்கும். அந்த உயரத்தில் காற்றின் ஆக்சிஜன்கூட அலையை உறிஞ்சும். ஆனால் அது கிலோமீட்டர் கணக்குக்கான கவலை, அறைக்குள் பொருட்டில்லை. ஆன்டெனாக்களைக் கூட்டமாக வைத்து அலையைத் திசைதிருப்பிச் சமாளிக்கலாம்தான். அப்படிச் சமாளித்து, கிட்டத்திலேயே ஒழுங்காக வைத்தால் மட்டும் வேலை செய்யும் கருவிக்காக, லேப்டாப்பிலும் மானிட்டரிலும் கூடுதல் ரேடியோவுக்குக் காசு கொடுக்க வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் வைப்பதென்றால் இடையில் ஒரு கேபிளையே போட்டுவிடலாம் என்று சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தாமதமே இல்லாத கம்பியில்லாத் திரை உலகத்தில் இல்லவே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறாகும். அது இருக்கிறது, சினிமாப் படப்பிடிப்பில். கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு சிறு மானிட்டரைப் பார்த்தபடி கையில் சக்கரம் ஒன்றைத் திருகிக்கொண்டு ஃபோகஸ் புல்லர் நிற்பார். நடிகர் ஓரடி முன்னால் சாய்ந்தால் அதே கணத்தில் ஃபோகஸையும் நகர்த்த வேண்டும். மானிட்டர் பத்தில் ஒரு நொடி பிந்தினாலும் கண்கள் மங்கி, டேக் வீணாகும். டெராடெக் போல்ட் போன்ற கருவிகள் அங்கே ஒரு மில்லிவிநாடிக்கும் குறைந்த தாமதத்தில் படத்தைக் கொண்டுபோகின்றன. அவற்றின் உள்ளே இருப்பது இஸ்ரேலின் அமிமான் நிறுவனம் உருவாக்கிய நுட்பம். படத்தின் முக்கியமான பகுதியைப் பலத்த பாதுகாப்போடும், நுணுக்கமான விவரங்களைப் பாதுகாப்புக் குறைவாகவும் அது அனுப்புகிறது. எதையும் சேர்த்துவைப்பதில்லை, தொலைந்ததை மறுபடி கேட்பதும் இல்லை. சமிக்ஞை பலவீனமானால் படம் நிற்காது, பழைய ஆன்டெனா டிவியைப்போல மெல்லப் புள்ளிபுள்ளியாகத் தொடங்கும். அதாவது, நேரத்தை விடமாட்டேன், தரம் போனால் போகட்டும் என்று எதிர்ப்பக்கத்தில் பேரம் பேசுகிறது. அமிமான் இதே நுட்பத்தை டபிள்யூஎச்டிஐ என்ற பெயரில் வீடுகளுக்கும் கொண்டுவரப் பார்த்தது. 2009 டிசம்பரில் தரமும் வெளியானது. வீட்டில் பிழைக்கவில்லை. இரண்டு முனையிலும் தனிச் சில்லு வேண்டும், அதற்கு விலை உண்டு. மிராகாஸ்ட்டோ ஏற்கெனவே லேப்டாப்பில் இருக்கும் வைஃபையையும் வீடியோச் சில்லையும் வைத்தே ஓடிவிடும். படப்பிடிப்பில் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அங்கே ஒரு டேக்கின் விலை அதைவிடக் கூடுதல்.

மெய்நிகர் கண்ணாடிகள் வைஃபையில் கணினி விளையாட்டை ஓட்டுகின்றனவே என்பதும் சொல்லப்படும் எதிர்வாதம். அங்கே கண்ணாடி ஒரு சாமர்த்தியம் செய்கிறது: ஃபிரேம் தாமதமாக வந்தாலும், தலை இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கண்ணாடிக்கே தெரியும், வந்த படத்தைக் கடைசிக் கணத்தில் அந்தக் கோணத்துக்குத் திருகிக் காட்டிவிடுகிறது. மேசை மானிட்டருக்கு நம் கை எங்கே போகிறது என்று தெரியாது, தெரிந்தாலும் எக்செல் தாளைத் திருகிக் காட்டிப் பயனில்லை.

ஆகவே எதற்கு எது என்று பிரித்துக்கொள்வது நல்லது. வகுப்பறையில் பாடப் படங்களைக் காட்டுவதற்கு, கூட்டத்தில் நான்கு பேர் மாறி மாறித் தங்கள் லேப்டாப்பை ஒரே திரையில் போடுவதற்கு, கம்பியில்லா முறைக்கு ஈடில்லை. சினிமா பார்க்க மட்டும் என்றால் திரையைப் பிரதிபலிக்கவே வேண்டாம். 2013இல் குரோம்காஸ்ட் பரப்பிய முறையில் லேப்டாப்போ ஃபோனோ எந்தப் படம் என்ற முகவரியை மட்டும் சொல்லும். டிவி இணையத்திலிருந்து நேராக இறக்கிக்கொள்ளும், லேப்டாப்பை மூடிவைத்தாலும் பெரும்பாலும் படம் ஓடும். பிரதிபலித்தே ஆக வேண்டுமென்றால் 2.4ஐ விட்டுவிட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு வருவது முதல் வேலை. லேப்டாப்பில் ரேடியோ பெரும்பாலும் ஒன்றுதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இணையத்துக்கு ஒரு சேனல், டிவிக்கு இன்னொரு சேனல் என்றால் அது இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும், இரண்டும் கெடும். 2017 முதல் விண்டோஸ் 10இல் மிராகாஸ்ட் வீட்டு நெட்வொர்க் வழியாகவும் போக முடிகிறது. அதை ஏற்கும் ஏற்பியை ஈதர்நெட் கேபிளால் ரூட்டரோடு இணைத்துவிட்டால் காற்றில் போக வேண்டிய தூரம் ஒரு தாவலாகச் சுருங்கும். கம்பியில்லாமல் நன்றாக ஓட ஒரு கம்பி தேவைப்படுகிறது என்பதில் கொஞ்சம் கிண்டல் இருக்கிறது, என்ன செய்ய.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் மேசைக்கு மானிட்டர் வாங்குபவரிடம் கம்பியில்லா வசதிக்காகக் கூடுதல் பணம் கேட்டால் யோசிப்பது நல்லது. அந்த மானிட்டருக்கு மின்சார வயர் எப்படியும் போக வேண்டும். லேப்டாப்புக்கும் சார்ஜர் வேண்டும். யுஎஸ்பி-சி வழியாகப் படத்தை ஏற்று, அதே கேபிளில் லேப்டாப்புக்கு மின்சாரமும் அனுப்பும் மானிட்டர்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றில் கீபோர்டையும் மவுஸையும்கூடச் செருகிவிடலாம், லேப்டாப்புக்குப் போவது ஒரே கேபிள். அந்த ஒன்றையும் எடுத்தால் மிச்சமாவது ஒரு மீட்டர் வயர்; சார்ஜர் தனியாகத் திரும்பி வந்துவிடும். ஏற்கெனவே டிவியையே கம்பியில்லாமல் மானிட்டராக்கிப் பயன்படுத்துபவர்கள், ரூட்டரை மாற்றும் முன் டிவியின் அமைப்புகளில் கேம் மோட் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அசைவை மென்மையாக்க டிவி தன் பங்குக்கு ஃபிரேம்களைப் பிடித்துவைப்பது உண்டு. அதை அணைத்தால் வைஃபையின் தலையில் விழுந்துகொண்டிருந்த பழியில் ஒரு பகுதி அங்கேயே இறங்கிவிடும், செலவும் இல்லை.